தட்டிவிட்டு வழித்த கிண்ணம்

1

இந்த இதழில் என் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு நான் ஓரளவு அறிமுகமானவன். பனிக்காலத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். குடியுரிமை அலுவலகத்தின் வரிசையைப் பற்றியும், என் மனைவியை அடக்கம் செய்வதற்குப் பதினொரு படிவங்கள் நிரப்பியதைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்புகள் எல்லாவற்றிலும் நான் நன்றாகவே தோன்றினேன். எழுதியவன் நானே ஆகையால் அதில் வியப்பில்லை. இந்த முறை அப்படித் தோன்றப் போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு காலை, ரொட்டிக் கடைக்குப் போய்த் திரும்பியதும் கணினியில் ஒரு கடிதம் வந்திருந்தது. உலோகத் தூள் தொழிலைச் சேர்ந்த ஒரு சங்கத்தின் பதிப்பாளர் பெண்மணி எழுதியிருந்தார். நான் பணியில் இருந்தபோது தொகுத்த ஆங்கில–பிரெஞ்சுக் கலைச்சொல் கையேட்டை அவர்கள் மறுபடியும் அச்சிடப் போகிறார்களாம். முகப்பில் என் பெயர் இருக்கும். என் புகைப்படம் ஒன்றும், என்னைப் பற்றி மூன்று வரிகளும் வேண்டும். வெளியீட்டு நாளில் நான் வந்திருந்து சில சொற்கள் பேசினால் பெருமைப்படுவார்கள்.

அந்தப் பகுதியை நான் மூன்று முறை வாசித்தேன். இந்த வீட்டுக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மின்கட்டண நிறுவனத்திலிருந்தும் கண் மருத்துவரிடமிருந்தும் வருபவை.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் கேட்பதைப் போல ஒரு கேள்வி இருந்தது. பின்னிணைப்பில் தூளின் அடர்த்தியை அளக்கும் முறை தரப்பட்டிருக்கிறது அல்லவா, அதில் மூன்றாவது செயலும் நான்காவது செயலும் ஆங்கில வழக்கில் வேறு வரிசையில் இருப்பதாகத் தெரிகிறது. தாங்கள் ஏதேனும் காரணம் பற்றி மாற்றியிருப்பீர்கள், அந்தக் காரணத்தை அறியலாமா என்று எழுதியிருந்தார்.

புகைப்படத்தை அன்றே அனுப்பிவிட்டேன். கேள்வியின் பக்கம் திரும்பப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

2

என் பணி என்னவென்று ஊரில் கேட்டவர்களுக்கு நான் ஒருபோதும் தெளிவாகச் சொன்னதில்லை. ‘பிரான்ஸில் தொழில்நுட்ப அதிகாரி’ என்று சொல்லிவந்தேன். உண்மையில் நான் மொழிபெயர்ப்பாளன். மதுரையில் வேதியியலில் முதுகலை படித்து, பிரெஞ்சும் கற்று, ரோன் ஆற்றோரத்தில் உள்ள ஒரு சிறிய தொழில் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே ஓர் ஆலை இரும்புத் தூளை அச்சில் அழுத்தி, உலையில் சுட்டு, மோட்டார்களுக்கான சிறு வளையங்களைச் செய்துகொண்டிருந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில். தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். ஆலையில் இருந்தவர்களோ ஆங்கிலத்தை வாசிப்பதில்லை. வாசிக்க விரும்பவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் என் மேசை போடப்பட்டிருந்தது.

அகராதிகள் அங்கே அதிகம் உதவவில்லை. அச்சில் அழுத்தி எடுத்த, ஆனால் இன்னும் சுடாத துண்டை ஆங்கிலேயர் ‘க்ரீன்’ என்கிறார்கள். இரும்புத் துண்டு எப்படிப் பச்சை நிறமாகும் என்று ஆலை மேலாளர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். நான் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சூளையில் வைக்காத செங்கல்லைப் பச்சைக்கல் என்போம். வேகாத காய்கறியும் பச்சைதான். வேகாதது என்பதற்குப் பிரெஞ்சில் ‘க்ரூ’. அதையே எழுதினேன். பிறகு தெரிந்தது, பாரிஸில் உள்ள அறிஞர்களும் அதையே வைத்திருந்தார்கள் என்று. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் போக நான் பிறந்த பேரையூர் வழியாக ஒரு குறுக்குப் பாதை இருந்ததாக அன்று எனக்குள் ஒரு மிதப்பு. அந்த மிதப்பை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

பத்து ஆண்டுகளில் அந்தச் சொற்கள் கையேடாயின. பிற ஆலைகளும் வாங்கின. ‘முசியே சுந்தரம் எழுதியிருந்தால் சரியாகத்தான் இருக்கும்’ என்ற பேச்சு ஒன்று அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. நிறம் வேறு, உச்சரிப்பு வேறு, உணவகத்தில் தனி மேசை. ஆனால் தாளில் பிழை இராது. அந்தப் பெயரைத்தான் நான் அங்கே வீடாகக் கட்டிக்கொண்டு குடியிருந்தேன்.

3

பின்னிணைப்பில் உள்ள அந்த முறை மிக எளியது. ஒரு புனல், அதற்குக் கீழே ஒரு சிறு பித்தளைக் கிண்ணம். தூளைப் புனலில் இட்டால் தானாக ஒழுகிக் கிண்ணத்தில் விழுந்து கும்பமாக நிற்கும். மேலே நிற்பதைத் தகட்டால் வழித்துவிட்டு, கிண்ணத்தைத் தராசில் வைக்க வேண்டும். தூள் தானாக விழுந்து கிடக்கையில் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதே கேள்வி. ஆகவே வழிக்கும்வரை கிண்ணத்தை அசைக்கவே கூடாது. வழித்த பிறகு பக்கவாட்டில் மெல்லத் தட்டலாம். தூள் சற்று இறங்கிக்கொள்ளும், தராசுக்குக் கொண்டுபோகையில் சிந்தாது. தட்டுவதன் பயன் அவ்வளவுதான்.

ஆங்கிலத் தாளில் இந்த வரிசையே இருந்தது: வழி, பிறகு தட்டு. அதைப் படித்தபோது தட்டச்சு செய்தவர் வரிகளை மாற்றிவிட்டார் என்று முடிவு செய்தேன். வழித்த பிறகு தட்டுபவன் எங்கே இருக்கிறான்?

பேரையூரில் எங்கள் தந்தையார் அறுவடைக் கூலியைத் தானியமாக அளந்து கொடுப்பார். மரக்காலில் அள்ளி, குலுக்கி, தரையில் இரண்டு தட்டுத் தட்டி, அதன் பிறகே மேலே கையால் வழிப்பார். குலுக்காமல் வழித்துக் கொடுப்பவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் பெயரை எங்கள் வீட்டில் மரியாதையுடன் சொல்வதில்லை. அளவில் நேர்மை என்றால் அது குலுக்கிய அளவு என்பதை நான் எண்ணிப் பார்த்து அறிந்துகொள்ளவில்லை. கைகால் இருப்பதை அறிவது போல அறிந்திருந்தேன். ஆகவே ஆங்கிலேயரின் தவற்றைத் திருத்தினேன். ‘மெல்லத் தட்டவும். பிறகு வழிக்கவும்’ என்று பிரெஞ்சில் எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. என் அறையிலிருந்து ஆய்வுக்கூடம் நாற்பது அடி தூரம்.

அந்த ஆய்வுக்கூடத்தில்தான் அந்தோணி வேலை செய்தார். கொட்டாம்பட்டிக்காரர். என் கல்லூரித் தோழன் மரியதாஸின் தங்கை ஸ்டெல்லாவை மணந்தவர். மரியதாஸ் அப்போது மிஷன் பள்ளியில் ஆசிரியன். ‘தங்கை கணவருக்கு ஒரு வழி செய்’ என்று எழுதினான். நானும் மேலாளரிடம் பேசி, அந்தோணியை வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என் வீட்டில் சாப்பிடுவார். அதிகம் பேசமாட்டார்.

புதிய தாள் வந்த மூன்றாம் மாதம் வளையங்கள் உதிரத் தொடங்கின. கிண்ணத்தைத் தட்டிவிட்டு வழித்தால் அதில் தூள் கூடுதலாக அடைந்துகொள்ளும், எடை கூடும். தூள் அடர்த்தியானது என்று நம்பி அச்சுக் குழியின் ஆழத்தைக் குறைத்தார்கள். ஆனால் அச்சில் தூளை யாரும் தட்டுவதில்லை. ஒவ்வொரு துண்டிலும் தூள் போதவில்லை. சுட்டெடுத்த பிறகு நகத்தால் கீறினாலே விளிம்பு பெயர்ந்து வந்தது. தூள் விற்ற நிறுவனத்து ஆள் தன் கிண்ணத்தோடு வந்து, எல்லோர் முன்னிலையிலும் அளந்து காட்டினார். அந்தோணியின் எண்ணும் அவர் எண்ணும் ஒத்துப்போகவில்லை.

மேலாளர் அறையில் கூடினோம். தூள்காரர், ‘இவர் தட்டுகிறார். அதனால்தான்’ என்றார். தாளிலேயே தட்டும்படி இருக்கிறது என்றார் அந்தோணி, அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

நான் கோப்பைத் திறக்கவில்லை. ‘மெல்லத் தட்டவும் என்றே எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்திலும் மெல்ல என்றே இருக்கிறது. என் தாளில் பிழை இராது’ என்றேன். அத்தோடு நின்றிருக்கலாம். மேலும் ஒரு வாக்கியம் சொன்னேன். ‘எங்கள் ஊரில் தானியத்தைக் குலுக்கி அளப்பார்கள். அந்தக் கைப்பழக்கம் இவருக்கு இன்னும் போகவில்லை.’

எல்லோரும் புரிந்துகொண்டார்கள். விளக்கம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அந்தோணியை ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து, பொதி கட்டும் இடத்தில் போட்டார்கள். நான்கு மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்த பிரெஞ்சு இளைஞர் எந்தத் தாளையும் படிக்கிற வழக்கம் இல்லாதவர். தட்டவே இல்லை. எண்கள் சரியாக வந்தன. அந்தோணியின் மேல்தான் குற்றம் என்பதற்கு அதைவிடச் சான்று யாருக்கு வேண்டும்?

மரியதாஸுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். நான் அழைத்து வந்த ஆள் திரும்பிப் போகிறார். காரணம் சொல்லாவிட்டால் என் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை என்று ஆகிவிடும். ‘உன் தங்கை கணவர் நல்லவர். கை நிதானம் போதாது. அளக்கத் தெரியவில்லை’ என்று எழுதினேன். சுருக்கமான, மரியாதையான கடிதம்.

4

முப்பத்தொரு ஆண்டுகள் அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. திறக்க வேண்டிய தேவை எழவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தேவை இல்லாத அதை நான்கு வீடு மாறியும் ஒவ்வொரு முறையும் கட்டி எடுத்துச் சென்றேன்.

பதிப்பாளரின் கேள்வி வந்த பத்தொன்பதாம் நாள், அடித்தள அறையில் இருந்த பெட்டியைத் திறந்து இரண்டு தாள்களையும் சமையலறை மேசையில் அடுத்தடுத்து வைத்தேன். படித்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் அழைத்தான். அவன் வடக்கே இருக்கிறான். வாரம் ஒரு முறை, பன்னிரண்டு நிமிடம். பேத்திகள் இருவரும் திரையில் வந்து கையசைப்பார்கள். அவர்களுக்கு என் மொழி தெரியாது, என் பிரெஞ்சு அவர்களுக்குப் பழைய பாடநூல் போலக் கேட்கிறது. நான் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன், தமிழில் தொடங்கி, அவன் முகத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக்கு மாறி.

“இரண்டு வரி இடம் மாறியிருக்கிறது, அப்பா. திருத்தச் சொல்லிவிடுங்கள். முடிந்தது,” என்றான்.

“ஓர் ஆளின் வேலை போயிற்று.”

“முப்பது வருடத்துக்கு முன்னால். அவருக்கே மறந்திருக்கும். இதற்காகவா விமானம் ஏறப் போகிறீர்கள்?”

அவன் கெட்டவன் அல்லன். அந்தோணி எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் உணவருந்தியபோது அவனுக்கு மூன்று வயது. அவர் மடியில் உட்கார்ந்திருந்தது அவன் நினைவில் இல்லை.

மரியதாஸின் எண்ணுக்கு அழைத்தேன். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. அவனுடைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை நின்றுபோயிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. வயதாகிவிட்டது, எழுத முடியவில்லை போலும் என்று எண்ணி விட்டிருந்தேன்.

பயணச்சீட்டு வாங்கினேன். மதுரை விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றேன். அதிகாரி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியருக்கான என் நீல அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வருகையின் நோக்கம் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறந்த ஊருக்கு வந்திருக்கிறேன் என்றேன். படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை. ‘உறவினரைப் பார்க்க’ என்று அவரே குறித்துக்கொண்டார்.

5

மாட்டுத்தாவணியில் காலை எட்டு மணிக்குத் திருச்சி வண்டி ஒன்று புறப்படும் நிலையில் நின்றது. பூச்சந்தைப் பக்கமிருந்து வந்த இரண்டு பெண்கள் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நடத்துநரிடம், “இப்பேருந்து கொட்டாம்பட்டியில் நிற்குமா?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நிக்கும் சார். ஏறுங்க. தலைப்புச் செய்தி முடிஞ்சதும் எடுத்துருவோம்.”

கூடைக்காரப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஜன்னலோரம் அமர்ந்தேன். இத்தனை ஆண்டுகள் யாருடனும் பேசாமல் என் தமிழ் எழுத்துத் தமிழாகவே நின்றுவிட்டது என்பதை நான் அறிவேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக்காட்டியதில்லை, அவ்வளவுதான்.

கொட்டாம்பட்டியில் இறங்கி, நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் விசாரித்தேன். “அந்தோணி என்பவரின் இல்லம் எங்குள்ளது? மிஷன் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்.” அங்கே அவருக்கு வேலை கிடைத்ததை மரியதாஸ் முன்பு எழுதியிருந்தான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தார். “யாருண்ணே அது, லேப் அந்தோணி?”

“அட, நம்ம அளவுகாரரக் கேக்குறாருப்பா.”

“அப்படிச் சொன்னாத்தானே வெளங்கும். அந்தா சார், மாதா கோயில் தாண்டி ரெண்டாவது வீடு, நீலக் கேட்டு.”

அளவுகாரர். நில அளவைத் தொழில் ஏதேனும் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் வாசலில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு மிக்ஸியைக் கவிழ்த்து வைத்து, திருகு கழற்றிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, சிறிது நேரம் பார்த்தார்.

“அண்ணே,” என்றார். பிறகு, “அம்புட்டு முடியையும் பிரான்ஸ்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?”

மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு என்னை உள்ளே கூட்டிச் சென்றார். ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்தார். நரைத்திருந்தாலும் மரியதாஸின் முகவாய் அப்படியே இருந்தது. அவனைப் பற்றிக் கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதாண்ணே? எங்கண்ணன் தவறி ரெண்டு வருசம் ஆச்சு. யாரும் சொல்லலையா?”

“அங்கே சொல்வதற்கு யாரும் இல்லை,” என்றேன்.

நான் அவனுக்காகவும்தான் வந்திருந்தேன். எழுதிய கடிதத்தை அவனிடமே திரும்பப் பெற்றுக்கொள்வது என்பது என் திட்டம். அந்தத் திட்டம் அந்தக் காப்பி டம்ளரோடு முடிந்துபோயிற்று. பையிலிருந்து இரண்டு தாள்களையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். “அந்தோணி, முன்னர் ஆலையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குறித்து விளக்கம் அளிக்க வேண்டிய கடமை எனக்கு உள்ளது…”

“அண்ணே,” என்றார் ஸ்டெல்லா, “மேடையில பேசுற மாதிரி இருக்கு. என்னன்னு நேராச் சொல்லுங்க.”

நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஓர் உழக்கும் கொஞ்சம் அரிசியும் கேட்டேன். அவர் கணவரைப் பார்த்துவிட்டு, எவர்சில்வர் உழக்கும் ஒரு முறம் அரிசியும் கொண்டுவந்தார். நான் அரிசியை மெல்லச் சொரிந்து கும்பமாக நிரப்பினேன். விளிம்போடு கையால் வழித்தேன். பிறகு மூன்று முறை தட்டினேன். அரிசி நகக்கண் அளவு கீழே இறங்கியது. அதை ஒரு தட்டில் கொட்டினேன். மறுபடி கும்பமாக நிரப்பினேன். இந்த முறை முதலில் தட்டினேன். கும்பம் உள்ளே அமிழ்ந்தது. அதன் பிறகு வழித்தேன். இன்னொரு தட்டில் கொட்டினேன். இரண்டாவது தட்டில் ஒரு பிடி அதிகம் இருந்தது.

“இம்புட்டுதானா?” என்றார் ஸ்டெல்லா.

“இவ்வளவுதான். ஆங்கிலத் தாளில் முதலில் செய்தபடி இருந்தது. நான் இரண்டாவதாகச் செய்ததைப் போல மாற்றி எழுதினேன். அந்தோணி தாளில் எழுதியிருந்தபடிதான் அளந்தார். பிழை என்னுடையது. பழியை அவர் மேல் போட்டேன்.”

ஸ்டெல்லா இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். “அரிசிய யாருண்ணே குலுக்காம அளப்பா? நானா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.” பிறகு கணவரிடம் திரும்பினார். “ஏங்க, அப்பவே அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல, இது சரிதானான்னு?”

“கேட்டேன்,” என்றார் அந்தோணி. மிக்ஸியின் திருகாணிகளை ஒரு மூடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

கேட்டது உண்மை. மூன்றாம் பகுதியில் இதை நான் எழுதவில்லை; எழுதாமல் விட்டதைப் பின்னர் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், வாசிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. தாள் வந்த முதல் வாரமே அவர் என் அறைக் கதவருகில் நின்று, “அண்ணே, தட்டிட்டுத்தான் வழிக்கணுமா? முன்னாடி இருந்த ஆளு வழிச்சிட்டுத்தான் தட்டுவாராம்” என்றார். நான் எழுதிக்கொண்டிருந்ததிலிருந்து தலை நிமிராமல், “தாளில் உள்ளபடி செய்” என்றேன்.

ஸ்டெல்லா முறத்தைத் தள்ளி வைத்தார்.

“பள்ளிக்கூடத்துல எங்கண்ணன் ஹெட்மாஸ்டரு, இவரு லேப் அட்டெண்டரு. உங்க லெட்டர் வந்ததுலருந்து இவருக்கு அளவுகாரருன்னு பேரு. ஊர்ச்சனம் பூரா அதயே பிடிச்சுக்கிச்சு. கல்யாண வீட்டுல பந்தில உக்காந்தா எங்கண்ணன், ‘மாப்ள, பாத்து அளந்து சாப்பிடுங்க’ம்பாரு. சாகுற வரைக்கும் சொன்னாரு. அண்ணன் மகன்க இன்னைக்கும் அளவுகார மாமான்னுதான் கூப்பிடுறாங்கெ.” அவர் குரல் உயரவே இல்லை. “நானும் கூடச் சேந்து சிரிச்சிருக்கேன்ணே.”

“விடு ஸ்டெல்லா,” என்றார் அந்தோணி. “ஊர்ல ஆளுக்கு ஒரு பேரு இருக்கு. எதிர்த்த வீட்டுக்காரர மொட்டைங்குறாங்க.”

“அவரு மொட்டை. நீங்க அளக்கத் தெரியாதவரா?”

அந்தோணி திருகாணி மூடியை மேசையோரம் நகர்த்தினார். நான் பதில் சொன்னேன். சங்கத்துக்கு எழுதி, கையேட்டில் உண்மையை அச்சிடச் செய்வதாகச் சொன்னேன்.

“எந்தப் பாஷையில?”

“பிரெஞ்சில்.”

“அத இங்க யாரு படிப்பா? தமிழ்ல எழுதுங்கண்ணே. அந்தப் பொஸ்தகத்துல எழுதுவீங்கள்ல, பனி பெய்யுது, வரிசையில நின்னேன்னு. எங்கண்ணன் ஒண்ணு விடாம வாங்கிட்டு வந்து திண்ணையில இருந்து தெருவுக்கே கேக்குற மாதிரி படிச்சுக் காட்டுவாரு. இவரும் அங்க உக்காந்துதான் கேட்டாரு. அதுல எழுதுங்க. அச்சுல வரட்டும். அண்ணன் மகன்க மூணு பேரும் படிக்கட்டும்.”

நான் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் அந்தோணி உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்பதை அதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததில்லை. என் மேசையிலிருந்து பார்த்தால் வாசகர்கள் முகமற்றவர்கள்.

பேருந்து நிறுத்தம் வரை அவரே உடன் வந்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்ததால் பேச்சு விட்டுவிட்டுத்தான் நடந்தது.

“எனக்குப் பின்னாடி வந்தவன் எப்படிண்ணே அளந்தான்?”

“அவன் தாளைப் படிக்கவே இல்லை.”

அந்தோணி நின்று சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான். “நானும் படிக்காமயே இருந்திருக்கலாம். மிஷன் ஸ்கூல்ல படிக்க வச்சுக் கெடுத்துட்டாங்கெ.”

வண்டி வந்தது. அவரை நோக்கிக் கைகூப்பினேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் வீட்டிலும் சொல்லவில்லை, சாலையிலும் சொல்லவில்லை. அவரும் அதற்கு இடம் வைக்கவில்லை. “வாரேன், அந்தோணி,” என்றேன். வேறு யாரோ பேசியது போல அந்தச் சொல் வாயிலிருந்து தானாக வந்தது.

“வாங்கண்ணே,” என்றார். அவரிடம் எண் கேட்க வேண்டும் என்பது மேலூர் தாண்டியபோதுதான் தோன்றியது.

6

திரும்பி வந்து பதிப்பாளருக்கு எழுதினேன். வரிசை மாறியதற்குக் காரணம் எதுவும் இல்லை, அது என் பிழை, திருத்தவும். அத்துடன் பின்னிணைப்பின் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்: முந்தைய பதிப்பின் பிழை மொழிபெயர்த்தவருடையது, அதனால் பழிக்கு ஆளான அந்தோணி என்ற பணியாளர் எழுதியிருந்தபடியே அளந்தார்.

மிகவும் அன்பான பதில் வந்தது. வரிசையைத் திருத்திவிட்டார்கள். அந்த வரியைச் சேர்க்க இயலாது. கலைச்சொல் கையேட்டில் தனிநபர் குறிப்புகள் இடம்பெறுவதில்லை. ஆலை மூடி நெடுங்காலம் ஆயிற்று. யாரும் கவனிக்கப்போவதில்லை, தாங்கள் வருந்த வேண்டாம். அந்த வரி இல்லையென்றால் என் பெயரும் வேண்டாம் என்று நான் எழுதினேன். அப்படி எழுதினால் இணங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பத்து நாள் கழித்துச் சட்டப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது: பெயரை நீக்கச் சம்மதிக்கிறேன், கீழே கையொப்பம், இரண்டு பிரதிகள். கையொப்பமிட்டு அனுப்பினேன்.

கையேடு வெளிவந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். நல்ல தாள், நல்ல அச்சு. பின்னிணைப்பில் வரிசை சரியாக இருக்கிறது. என் பெயர் இல்லை, அவர் பெயரும் இல்லை. வெளியீட்டு விழா அன்று நான் வழக்கம் போல ரொட்டிக் கடைக்குப் போனேன். வழியில்தான் அந்தப் பழைய ஆலை. இப்போது அங்கே தோட்டச் சாமான்கள் விற்கிறார்கள். மகனிடம் சொன்னபோது, ‘பெயரை ஏன் விட்டுக்கொடுத்தீர்கள், அது ஒன்றுதானே இருந்தது’ என்றான். முதன்முறையாக அவன் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தான்.

ஆகவே கொட்டாம்பட்டியில் கேட்டபடி அந்த வரியைத் தமிழில் இங்கே எழுதுகிறேன். மரியதாஸின் மகன்கள் மூவரும் இதைப் படிக்க வேண்டும். இயன்றால் உங்கள் தந்தை படித்ததைப் போலத் தெருவுக்கே கேட்கும்படி படியுங்கள்.

இரும்புத் தூளை அளக்கும் முறை: தூள் தானாக விழுந்து கிண்ணம் நிரம்பட்டும். மேலே வழிக்கவும். அதன் பிறகே தட்டவும். இதை மாற்றி எழுதியவன் நான். சரிதானா என்று கேட்டவர் உங்கள் மாமா. கேட்டும் பார்க்காதவன் நான். அவருக்கு அளக்கத் தெரியும்.